நீளம் ஒன்று, வீதி இரண்டு

கல்யாணம் முடிந்து நான் மட்டாஞ்சேரிக்கு வந்த அன்று என் பின்னாலேயே லாரியில் ஒரு கட்டிலும் வந்தது. அப்பா சங்கரன்கோவிலில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குக் கட்டில். ஆறரை அடி நீளம், நாலடி அகலம். அதை உள்ளே தூக்கி வந்தவர்கள் எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். தலைமாட்டை வாசல் சுவரோடு சேர்த்தால் பக்கத்துச் சுவர் காலடியில் வந்து இடித்தது, தலைப்பக்கம் கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிக்குச் சந்து விழுந்தது. பக்கத்துச் சுவரோடு சேர்த்தால் கட்டில் வீட்டுக்குள் கோணலாக நின்றது, நடக்க வழியில்லை. கடைசியில் சந்து விட்டே போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்தச் சந்தில் விழுந்த தலையணையைக் குனிந்து எடுத்தேன் என்று கணக்கில்லை.

வீடு கொச்சங்காடியில் இரண்டு பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே இருந்தது. அங்கே பாண்டிகசாலை என்று சொல்வார்கள். ஒன்றில் சுக்கு, இன்னொன்றில் மிளகு. இரண்டு சுவரும் தெருவில் விரிந்து நின்று உள்ளே போகப் போக நெருங்கி வரும். வாசலில் பதினைந்தடி அகலம். பதினெட்டு அடி தள்ளிப் பின்சுவரில் ஆறே அடி. அதற்கு அந்தப் பக்கம் மேலே ஓடில்லாமல் ஒரு துண்டு மண். இரண்டு கிட்டங்கியும் அங்கே மூலையில் முட்டிக்கொள்ளும். அந்தத் துண்டு முக்கோணம்.

எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர் இரண்டு பக்கம் இணையாகவும் இரண்டு பக்கம் சாய்ந்தும் இருக்கிற வடிவத்தைப் போர்டில் போட்டு, சரிவகம் என்று எழுதினார். அதன் பரப்பளவுக்கான சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்தேன். அதற்குள் குடித்தனம் பண்ணப்போகிறேன் என்று அப்போது தெரியாது. பாய் விரித்தால் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி தரை மிஞ்சும். பெட்டியை மூலையில் வைத்தால் பின்னால் கை நுழையாத ஓட்டை விழும், அதில் கரப்பான் குடியிருக்கும். பெருக்கப் பெருக்கச் சுக்குத் தூசி அந்த ஆப்புகளில்தான் போய் உட்காரும்.

அந்த வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, மூன்று பேர். பிறகு மகள் பிறந்தாள். அவர் அடுத்த சுக்குக் கிட்டங்கியில் எடைபோடுகிற வேலை பார்த்தார். அவருடைய அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். கல்யாணமாகவில்லை. ரவிக்கை தைப்பாள். தெருவில் உள்ள மலையாளப் பெண்களும் குஜராத்திப் பெண்களும் அவளிடம்தான் வருவார்கள். வட்டக் கழுத்து வெட்டுவதில் அவளுக்குச் சோடி கிடையாது. தகர டப்பா மூடியைக்கூட வைத்து வரைய மாட்டாள், வெறுங்கையில் கத்திரியைத் திருப்புவாள், கழுத்து அச்சாக வரும்.

வீட்டில் கக்கூஸ் கிடையாது. மிளகுக் கிட்டங்கிக்குப் பின்னால் பொதுக் கக்கூஸ் ஆறு அறை. எங்கள் வாசலிலிருந்து சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், கடைசியில் மூன்று செங்கல் படி. மழைக்காலத்தில் அந்தப் படியில் பாசி பிடித்துக் கிடக்கும். வெள்ளென எழுந்து நானும் மதினியும் குடையும் வாளியுமாகப் போவோம். மதினிக்கு ஒரு கையில் கம்பு, ஒரு கையில் என் தோள். அவள் உள்ளே இருக்கும்போது வெளியே ஆம்பிளைகள் கதவைத் தட்டுவார்கள்.

"நொண்டிக்கு ஒரு நேரம் ஒதுக்கப்படாதா, எல்லாவனும் இப்பத்தான் வருவானா?" என்று உள்ளேயிருந்தே தமிழில் கத்துவாள். அவர்களுக்குப் புரியாது என்பது அவளுக்கு ஒரு தைரியம்.

பின்னால் கிடக்கிற முக்கோண மண்ணில் ஒரு கக்கூஸ் கட்டினால் என்ன என்று நான் கேட்டபோது மகளுக்கு ஒரு வயது.

வீட்டுக்காரர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "முனிசிபல் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேணும். நாம பிழைக்க வந்தவங்க, எதுக்கு வம்பு?"

"உங்க அக்கா தினம் படியில தடுமாறுதாங்க. அது வம்பா?"

அவர் எழுந்து கை கழுவினார். அவர் கெட்டவர் இல்லை. சத்தம் போட்டுப் பேசுகிற எந்த இடத்திலிருந்தும் ஒதுங்கிப்போகிறவர். அந்த ஒதுக்கம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

நானே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆலுவாய்க்குப் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் அங்கேதான் ஆற்றோரமாகப் பெரிய வீட்டில் இருந்தார். நல்ல மனுஷன். சாயா கொடுத்தார். நான் எந்த வீட்டைச் சொல்கிறேன் என்று புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"அது வீடல்ல மோளே. அது வண்டி திருப்பான் விட்ட இடமா. என்றெ அப்பன் மேலே ஓடு போட்டு, அத்ரேயுள்ளூ."

காளைவண்டி திருப்பிக்கொள்ள இரண்டு கிட்டங்கிக்கும் நடுவே விட்ட இடத்துக்கு அவருடைய அப்பா கூரை போட்டாராம். அதனால்தான் அந்த வடிவம். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலை பாதி முடிந்தது என்ற நினைப்போடு திரும்பினேன். அந்த நினைப்பு ஆபீஸ் ஜன்னல் வரைக்கும்தான் இருந்தது.

அங்கே ஃபாரம் மலையாளத்தில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற காலம். கிளார்க் பேனாவை எடுத்து, "நீளம்?" என்றார். பதினெட்டு என்றேன். "வீதி?" என்றார். கொச்சங்காடி என்றேன்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மலையாளத்தில் வீதி என்றால் அகலம். எனக்குக் காது சுட்டது. சமாளித்துக்கொண்டு, "அகலம் ரெண்டு இருக்கு. முன்னால பதினஞ்சு, பின்னால ஆறு" என்றேன்.

"வீதி ஒன்னே உள்ளூ" என்றார் கிளார்க். ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். நீளத்துக்கு ஒரு கட்டம், வீதிக்கு ஒரு கட்டம். இரண்டாவது எண்ணை எழுத இடம் இல்லை. பிளான் வரைகிறவரிடம் போய் வரைந்து வாங்கி வரச் சொன்னார்.

பிளான் வரைகிறவர் எதிர்ப்பக்கத்து மாடியில், பெரிய மேஜையில் மூலைமட்டமும் அளவுகோலும் பரப்பி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடு சரிவகம் என்று சொன்னேன். புரியவில்லை. அவருடைய காகிதத்தின் ஓரத்தில் வரைந்து காட்டினேன்.

"ஓ, லம்பகம்!" என்றார். "வீடு லம்பகமோ? அது பரீட்சையில் மாத்ரம் உள்ள சாதனமல்லே?"

பரீட்சையில் மட்டும் வருகிற அந்தச் சாமானுக்குள்தான் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு மலையாளம் போதவில்லை. இடத்தைப் பார்க்க வாருங்கள் என்றேன், வருகிறேன் என்றார், வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது பிளான் தயாராக இருந்தது. நீலக் காகிதத்தில் அழகான செவ்வகம். பதினெட்டுக்குப் பதினைந்து. அதன் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு சின்னச் செவ்வகம், கக்கூஸ்.

"இது எங்க வீடில்லை" என்றேன்.

"ஆபீஸில் இதே எடுக்கூ" என்றார்.

ஆபீஸ் எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து ஓவர்சியர் டேப்போடு வந்தார். வாசலில் பிடித்தார், பதினைந்து. தலையாட்டினார். பின்சுவரில் பிடித்தார், ஆறு. டேப்பைச் சுருட்டி, "பிளான் தெற்றா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிளான் தப்பு என்று நான் முதல் நாளே சொன்னதுதான்.

மறுபடியும் மாடிக்குப் போனேன். இந்தத் தடவை நானே கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். பதினைந்தும் ஆறும் இருபத்தொன்று, பாதி பத்தரை. ஒரே அகலம்தான் வேண்டுமென்றால் பத்தரை என்று போடுங்கள், பரப்பளவு சரியாக வரும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே போட்டார். பதினெட்டுக்குப் பத்தரை. மறுபடியும் அதே அழகான செவ்வகம், கொஞ்சம் ஒல்லியாக.

ஓவர்சியர் திரும்ப வர ஐந்து மாதம். அதே ஆள். வாசலில் பதினைந்து, பின்னால் ஆறு. "பத்தர எவிடெ?" என்றார்.

நான் டேப்பை அவர் கையிலிருந்து வாங்கி, வாசலிலிருந்து ஒன்பது அடி அளந்து, அங்கே குறுக்கே பிடித்தேன். சரியாகப் பத்தரை. "இதோ" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், "சேச்சீ, நடுவில் அளக்கான் ஃபாரத்தில் பறஞ்ஞிட்டில்ல." நடுவில் அளக்கும்படி ஃபாரம் சொல்லவில்லையாம். பின்னால் உள்ள மண்ணைப் பார்த்துவிட்டு, அந்த மூலையில் கக்கூஸ் குழிக்குச் சிமெண்டு உறை இறக்கவும் முடியாது என்றார். மூன்றடி வட்ட உறை முக்கோணத்தில் எப்படி நிற்கும்?

அவர் போனபின் வாளியை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அது நெளிந்ததுதான் மிச்சம்.

மறு வருஷம் கர்க்கடக மாதம் வந்தது, நம்மூர் ஆடி. மூன்று நாளாக விடாத மழை. மகளுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா தூங்கவில்லை, விடியும்போதுதான் என் மடியில் கண் அசந்தாள். மதினி என்னைப் பார்த்தாள். "பிள்ளைய எழுப்பாத. நான் போயிட்டு வாரேன்" என்று கம்பை எடுத்தாள்.

"இருங்க மதினி, அவுகளை எழுப்புதேன்."

"ஆம்பிளையத் துணைக்குக் கூட்டிட்டா போவாக?"

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

கால்மணி நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. மூன்றாவது படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். இரண்டு சுமைதூக்கிகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நனைந்து, சேலையெல்லாம் சேறு. வலது மணிக்கட்டு பார்க்கிற மாதிரி இல்லை. அவள் அழவில்லை. தூக்கி வந்தவர்கள் முன்னால் சேலை விலகியிருந்ததைச் சரிசெய்ய இடது கையால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒன்றரை மாதம். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. நேர்தையல் போட முடிந்தது. கத்திரியை வளைத்துத் திருப்புகிற அந்த ஒரு அசைவு போய்விட்டது. ரவிக்கை கேட்டு வந்தவர்களிடம், "பாவாடை இருந்தாக் கொண்டாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கட்டுப் போட்டு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சொன்னார், "மழை விடட்டும், ஆபீஸ்ல ஒரு நடை போய்ப் பாக்கலாம்."

"பாக்கலாம்னா யாரு? எத்தனை நடை நான் போயிருக்கேன், நீங்க ஒரு நடை வந்திருக்கீங்களா?"

நான் அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் செய்தது தப்பு என்பதைவிட, அவர் எதுவுமே செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தே இருந்தேன் என்பதையும் அவர் மேலேயே சேர்த்துக் கோபப்பட்டேன்.

மாவுக்கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்த மதினிதான் ஒருநாள் கேட்டாள், "ஏளா, ரவிக்கைக்குப் பேப்பர் வெட்டுவோம்ல, அது மாதிரி இந்த வீட்டை வெட்டிப்பிட்டா என்ன?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒடம்பு என்ன சதுரமாவா இருக்கு? அளவெடுத்துத் துண்டுதுண்டா வெட்டித்தானே சேக்கோம். அடிக்கு ஒரு இஞ்சி வச்சுக்க."

மலையாளப் பேப்பர் தாள்களைச் சோற்றுப்பசையில் ஒட்டி, அவள் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். அவள் கை இல்லாமல் வாய் மட்டும் வேலை செய்தது. "கத்திரிய நகத்தாத, பேப்பரை நகத்து. இழுக்காத. எத்தனை வருஷமாப் பாக்க, இன்னும் கத்திரி பிடிக்கத் தெரியலையே." வாசல் பதினைந்து அங்குலம், பின்சுவர் ஆறு அங்குலம், நடுவில் பதினெட்டு. அதற்குப் பின்னால் ஆறு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல நீளமுமாக முக்கோணம். முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் நாலு அங்குலத்தைக் கக்கூஸ் அறைக்கென்று கோடு போட்டோம். மிச்சத்தில் உறை நிற்குமா? வீட்டில் இருந்த டம்ளரையெல்லாம் எடுத்து வாயை அளந்தேன். ஒன்று மட்டும் சரியாக மூன்று அங்குலம். அதைக் கவிழ்த்து வைத்து மெல்ல நகர்த்தினேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஓரத்தையும் தொட்டும் தொடாமலும் அது நின்றது.

மூன்றாவது மனு கொடுத்து, இந்தத் தடவை மூன்றாம் வாரமே ஓவர்சியர் வந்தபோது வாசலில் டேப்பை விரிக்கவே நாங்கள் விடவில்லை. பேப்பர் வீட்டைத் தரையில் விரித்து, டம்ளரை மதினியே இடது கையால் வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டம்ளரைத் தானே எடுத்து இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு மதினியின் மாவுக்கட்டைப் பார்த்தார். எப்படி என்று கேட்டார், நான் சொன்னேன்.

"கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கொள்ளும் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டும் சரிதான்.

"ஆனால் ஃபாரம்..." என்று ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைக் காட்டி, "நில்லு சேச்சீ" என்றார். வீட்டுக்கு ஒரு ஃபாரம், பின்னால் உள்ள துண்டுக்குத் தனியாக ஒரு ஃபாரம், இரண்டு மனுவாகக் கொடுங்கள் என்றார்.

கொடுத்தேன். முக்கோணத்துக்கான ஃபாரத்திலும் நீளம், வீதி என்று இரண்டே கட்டம்தான். கிளார்க் என்னிடம் கேட்டு, நீளம் பன்னிரண்டு, வீதி ஆறு என்று எழுதினார். நீளமும் அகலமும் எழுதிவிட்டால் அது செவ்வகம், எங்கள் இடம் அதில் பாதிதான். எனக்கு அது தெரியும். எங்கள் கணக்கு டீச்சருக்குத் தெரிந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதத்தில் அந்த ஃபாரத்துக்கு அனுமதி வந்தது. இல்லாத செவ்வகத்தில் கட்டிக்கொள்ள அனுமதி. முதல் மனு கொடுத்த நாளிலிருந்து இரண்டரை வருஷம்.

குழியைக் கொத்தனாரோடு சேர்ந்து வீட்டுக்காரரே வெட்டினார். கிட்டங்கியிலிருந்து வந்து சாயா குடித்த கையோடு மண்வெட்டியை எடுப்பார். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உறையை இறக்கிய அன்று ஒரு பக்கம் சுவரின் சுண்ணாம்பை உரசிக்கொண்டுதான் இறங்கியது, ஆனால் இறங்கிவிட்டது. கதவு மாட்டியபோது இன்னொரு தொல்லை. உள்பக்கம் திறக்கிற கதவு சாய்ந்த சுவரில் இடித்துப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. கம்போடு மதினியால் நுழைய முடியாது. ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டு, கீலை மாற்றி, வெளிப்பக்கம், வீட்டுக்குள்ளே அடுப்பிருக்கிற பக்கமாக, திறக்க வைத்தோம். அதன்பின் யாராவது கதவைத் திறந்தால் நான் அடுப்பை விட்டு எழுந்து நகரவேண்டும். நகர்ந்தேன்.

முதல் நாள் மதினி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"யாருளா தட்டுதது? இங்கயும் தட்டுவீகளா?" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதற்குள் எனக்கு மலையாளம் ஓட ஆரம்பித்திருந்தது. நானே வாசித்தேன். வீட்டுக்கென்று கொடுத்த இன்னொரு ஃபாரத்துக்கான பதில் அது. ஸ்தலத்தின் ஆகிருதி, அதாவது வடிவம், மனுவில் காட்டியதோடு ஒத்துப்போகாததால் அபேட்சை தள்ளப்பட்டது.

வீட்டுக்காரர் வெளுத்துப்போனார். "கட்டினதை இடிக்கச் சொல்லிருவாங்களோ?"

மதினி பாவாடைத் தையலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள், "வீட்டைத்தானே வேண்டாம்னிருக்கான்? கக்கூஸுக்கு ஒத்துக்கிட்டான்ல? அப்ப வீட்டை விட்டுட்டு எல்லாரும் கக்கூஸ்ல இருப்போம்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. மகளும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த முதல் செவ்வகத்தை நான் ஒத்துக்கொள்ளாமல் மாடியிலேயே சண்டை போட்டிருந்தால், பிளான் வரைந்த அந்த ஆள் ஒரே ஒரு நாள் படியிறங்கி வந்து பார்த்திருந்தால், கர்க்கடகத்துக்கு முன்னால் கதவு மாட்டியிருக்கலாம். அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது வீட்டுக்காரரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். லீவு சொல்லிவிட்டேன் என்றார். இரண்டு பேரும் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் நான் வாயைத் திறக்குமுன் அவர் காகிதத்தை உள்ளே நீட்டி, அவருக்குத் தெரிந்த மலையாளத்தில், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இது ஆரு அளந்தது?" என்று கேட்டார்.

கிளார்க் காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு தடவை உள்ளே எழுந்து போய்விட்டு வந்தார். யார் அளந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒன்றும் செய்யவேண்டாம், கட்டினது கட்டினபடி இருக்கட்டும், வீட்டுக்குப் போங்கள் என்றார். வீட்டுக்காரர் இன்னும் ஒரு தடவை கேட்டார். ஜன்னலைச் சாயா நேரத்துக்கு மூடிவிட்டார்கள்.